காற்று திரும்பிய வாரத்தில் நான் எழுதிய ஒரு வரி

பம்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், போன வாரம் மார்க்கெட் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், மழை வரப்போறத எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். கேட்ட கையோடு மொபைலை எடுத்து வானிலை பார்த்தார். அதில் ஒரு மேகப் படம் இருந்தது. திருப்தியாகி மொபைலைப் பையில் வைத்துக்கொண்டு, அவருடைய பிளாக் வந்ததும் இறங்கிவிட்டார். என் பதில் என்னிடமே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று வருடம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தேன். என் உத்தியோகத்தின் சுருக்கம் இவ்வளவுதான். பம்பை எப்படி ஓட்டுவது என்பதை நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி மையம் இருக்கிறது, டீயும் கொடுக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு மழையைப் பற்றி. அந்த மழையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதை முன்னாலேயே சொன்ன ஆளுக்கு வேலை போகப் பார்த்தது. போகப் பார்த்ததற்குக் காரணம் மழை இல்லை, லாக் புக்கில் நான் எழுதிய ஒரு வரி.

முதலில் என் பழைய அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இது விளங்காது.

டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறோம். குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது ஒவ்வொருவரும் கட்டில் பீரோவோடு தன் ஊர் வானத்தையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். நான் தென்காசிக்காரன். எங்கள் ஊரில் ஜூன் மாதம் மேற்கிலிருந்து காற்று வீசி, தட்டான்கள் தாழப் பறந்து, வெயில் கொஞ்சம் மங்கினால், ஒரு வாரத்தில் சாரல். இதில் சந்தேகப்பட எதுவுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நெய்வேலியிலும் ஜூன் மாதம் மேற்கிலிருந்து காற்று வீசியது. தட்டான்கள் தாழப் பறந்தன. நான் அப்போதைய அதிகாரியிடம் போய், மழை வருகிறது என்று அடித்துச் சொன்னேன். இளம் வயது, குரலில் உறுதி இருந்தது. அவர் நம்பிவிட்டார். இரண்டு பம்புகளை மேலே ஏற்றினோம். இரண்டு ஷிப்ட் வேலை கெட்டது.

அதன்பிறகு பதினைந்து நாள் வெயில் கொளுத்தியது. தென்காசியில் மழையைக் கொட்டிவிட்டு வரும் அதே காற்று, நெய்வேலிக்கு வரும்போது கையில் புழுதியை மட்டும்தான் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பிரிவில் ஒரு ஃபிட்டர் இருந்தார். தினமும் காலையில் என்னிடம் வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சாரல் எந்த வண்டியில சார் வருது? ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்பார். எனக்கு 'சாரல் சார்' என்று பெயர் வந்தது. நான் ஓய்வு பெற்ற நாளன்று மாலை போட்டவர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் போட்டார்.

அந்த அவமானத்துக்குப் பிறகு வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வருடா வருடம் மழைக்கால ஆயத்தச் சுற்றறிக்கை ஒன்று வரும். அக்டோபர் நடுவில் இன்ன தேதிக்குள் கீழ்மட்ட உபகரணங்களை மேலே ஏற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தத் தேதியில் ஏற்றுவேன். மழையும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்தது. பல வருடங்கள் இப்படி ஒத்துப்போனதில், மழையும் சுற்றறிக்கையின் நகல் பெறுகிறது என்றே எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கலியபெருமாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்களுடையது திறந்தவெளிச் சுரங்கம், படிப்படியாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச். எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீர் வந்து சேரும் பெரிய குழியின் ஓரத்தில், பம்புகளை இயக்கும் மின்சாரப் பேனல் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் ஷிப்டுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், மூவரும் கான்ட்ராக்ட். அதில் ஒருவர் கலியபெருமாள், குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள், ஏறக்குறைய என் வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் முந்திரித் தோப்பிலும் வயலிலும் கூலிக்குப் போனவர்கள். மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் மழையை ஒரு நாள் முன்னால் கண்டுபிடிப்பது அவர் வீட்டில் பொழுதுபோக்கு இல்லை, அடுப்பு எரிகிற விஷயம்.

பன்னிரண்டு வருடமாக அவர் அந்தப் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தீபாவளியை ஒட்டியும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும். அப்போது ஒரு பெயர்ப் பட்டியல் வரும். எழுத்தில் ஒரு புகார் இருந்தால் போதும், பெயர் அதில் இருக்காது. அந்த வருடம் அவர் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார், ஆபீசர்களிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்று. லாக் புக்கிலும் கான்ட்ராக்ட் ஆட்கள் எழுத முடியாது. பெர்மனென்ட் ஆட்கள்தான் எழுதலாம். அதாவது, பேனலை நாள் முழுக்கப் பார்ப்பவருக்கு எழுத அனுமதி இல்லை. எழுதுகிறவர் மேலே அறையில் இருப்பார்.

செப்டம்பர் கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை, நான் சுற்றிப் பார்க்கக் கீழே போயிருந்தேன். கலியபெருமாள் எழுந்து வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லலாங்களா?"

"சொல்லுங்க."

"பேனல மேல் பெஞ்சுக்கு ஏத்திடலாங்களா?"

"சுற்றறிக்கைத் தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, கலியபெருமாள்."

"இருக்குதுங்க. காத்து திரும்பிகினு இருக்குதே."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் நிலக்கரி போகும் கன்வேயரைக் காட்டினார். "இத்தினி மாசமா அந்தத் தூசி அந்தாண்ட போயிகினு இருந்திச்சி. சனிக்கெழமலேர்ந்து எம்மூஞ்சிலதான் வந்து உழுவுது. மத்தியானத்துல கடல்காத்து வரணும், மூணு நாளா அதுவும் வரல. காலையிலயே வடக்காலேர்ந்து அடிக்க ஆரமிச்சிடுது. அதுல ஈரம் கீதுங்க."

பேனல் பெட்டியின் காலில் எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. என்னுள் இருந்த சாரல் சாருக்குக் கொஞ்சம் குத்த வேண்டும் போலிருந்தது. "இதையும் உங்க லிஸ்ட்ல சேத்துக்கலாமா?" என்றேன்.

அவர் எறும்பைப் பார்த்தார். "அது சும்மானாச்சிக்கும் போவும் சார். மாசத்துக்கு நாலு வாட்டி வூடு மாத்தும். அத வச்சி நான் சொல்லல."

நான் மேலே போனேன். லாக் புக்கில் வானிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இயல்பு' என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாளும் இயல்பு. நானும் இயல்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படியாக, கலியபெருமாள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், முன்பக்கம் இருந்த துணிக்கொடியை என் மனைவி பின்பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பிளாக்கில் மழைக்காலம் நெருங்கக் காற்று மாறினால், முன்பக்கம் காயும் வெள்ளைத் துணியில் கரும்புள்ளி விழும். வருடா வருடம் எல்லா வீட்டிலும் கொடி இடம் மாறும்.

"தீபாவளி சமயத்துலதானே மாத்துவ? இப்பவே என்ன?" என்றேன்.

"கரி இப்பவே வருது. அதுக்குத் தீபாவளி எப்பன்னு யாரு சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, என் வேட்டியை எடுத்துக் காட்டினாள். புள்ளி இருந்தது. நான் வேட்டி வீணாகிவிட்டதே என்று மட்டும் நினைத்தேன். ஒரே காற்று, இரண்டு இடத்தில், இரண்டு பேர் மூலம் எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது. நான் காபி கேட்டேன்.

புதன்கிழமை மதியம் மறுபடி சுரங்கத்தில் இறங்கினேன். மேல் பெஞ்சில் ஒரு கம்பத்தில் மூன்று சாப்பாட்டுப் பைகள் தொங்கின. கீழே மூன்று தண்ணீர் கேன்கள், வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் செருப்புகள். பக்கத்தில் கலியபெருமாள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே தகரக் கொட்டகையில் நிழல் இருக்கிறது. மேலே நிழல் கிடையாது. கீழேயிருந்து அங்கே ஏறிவர கால் மணி நேரம் ஆகும், அந்த வெயிலில்.

"பையெல்லாம் ஏன் இங்க வெச்சிருக்கீங்க?"

"கீழ வெச்சா நனைஞ்சிடுங்க" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரிச் சொன்னார்.

பேனலை ஏற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. தன் அதிகாரத்துக்கு உட்பட்டது எதுவோ அதை ஏற்றிவிட்டார். முறை போட்டு ஒருவர் பின் ஒருவராக மேலே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு மனிதன் வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சோற்றுக்காகக் கால் மணி நேரம் வெயிலில் ஏறுகிறான் என்றால் அவன் விளையாடவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நல்ல பயம்.

அறைக்கு வந்து மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதை குறையாமல் குத்துவதில் தேர்ந்தவர். பேனலை மாற்ற வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் பம்புகளை நிறுத்த வேண்டும், கீழ் பெஞ்சில் நிலக்கரி வெட்டும் இயந்திரமும் நிற்கும். அனுமதி வேண்டும்.

"என்னங்க, மறுபடியும் சாரலுங்களா?" என்றார்.

இருபது வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம் அப்படியே திரும்பி வந்து என் முன்னால் நின்றது. "இல்ல சார். பேனல்ல பராமரிப்பு வேலை இருக்கு" என்றேன்.

"மழைக்கு இல்லீங்களே?"

"மழைக்கு இல்ல சார்."

"அப்படீன்னா செய்யுங்க."

லாக் புக்கில் எழுதினேன்: 'பராமரிப்புப் பணிக்காகப் பேனல் மேல் பெஞ்சுக்கு மாற்றப்படுகிறது.' கையெழுத்துப் போட்டேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. சாமர்த்தியம் என்றுதான் தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் பம்புகளை நிறுத்திவிட்டு, ஆட்களையெல்லாம் மேலே வரச் சொல்லி, கிரேனை இறக்கினோம். மதியம் இரண்டரைக்குப் பேனல் மேல் பெஞ்சில் உட்கார்ந்தது. மூன்றே காலுக்கு வானம் இருண்டது. ஒன்றரை மணி நேரம் பெய்தது. நான் தென்காசியில் பிறந்தவன், மழை பார்க்காதவன் இல்லை. ஆனால் அந்த மழையில் எனக்கு எதிரே நின்ற ஆள் தெரியவில்லை. சரிவு கரைந்து சேறும் தண்ணீருமாக இறங்கியது. மழை விட்டபோது எட்டிப் பார்த்தோம். தகரக் கொட்டகையின் கூரை மட்டும் பழுப்புத் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. கீழே போகும் பாதையின் கடைசிப் பகுதியைக் காணவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்த நேரத்தில் அந்தக் கூரைக்கு அடியில் மூன்று பேர் இருந்திருப்பார்கள், கையெட்டும் தூரத்தில் மின்சாரத்தோடு. மூன்று பேரும் மேலே நிற்கிறார்களா என்று ஒருமுறை எண்ணினேன்.

பேனல் மேலே பத்திரமாக இருந்ததால் மிதவைப் பம்புகளுக்குச் சாயங்காலமே இணைப்புக் கொடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தோம். அந்த மழை பருவமழைக் கணக்கில் சேரவில்லை. அதற்கு வெப்பச்சலனம் என்று மறுநாள் செய்தியில் பெயர் சொன்னார்கள். கலியபெருமாளிடம் அதைச் சொன்னபோது, "பேரெல்லாம் நமக்குத் தெரியாதுங்க" என்றார்.

இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. 'உரிய நேரத்தில் பராமரிப்புப் பணியைத் திட்டமிட்டமைக்காக' என்று இருந்தது. மனைவியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல மழையே இல்லையே?" என்றாள். நான் கடிதத்தை வாங்கி பீரோவில் வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன். அடுத்த மாதம் பதவி உயர்வுக்கு நேர்முகம் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கான்ட்ராக்ட் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. கலியபெருமாள் பெயர் இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எழுத்துல புகார் இருக்கு சார். பம்ப் ஓடுற நேரத்துல டியூட்டி பாயின்ட்ட விட்டுட்டு மேல போயி உக்காந்திருக்காரு. மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டதும் இவருதானாம், அவங்களே சொல்றாங்க."

"அவர் மழைக்காகத்தான் போனார்."

"எந்த மழைக்கு சார்? மழை பேஞ்சது வியாழக்கெழம. இவரு புதன்கெழம போயிருக்காரு."

"மழை வரும்னு தெரிஞ்சு போனார். அதனாலதான் பேனலையே ஏத்தினோம்."

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நீங்க பராமரிப்புன்னுதான சார் எழுதியிருக்கீங்க?" என்றார்.

லாக் புக்கின்படி வியாழக்கிழமை மழை வரும்வரை வானிலை இயல்பு. ஓர் அதிகாரி பராமரிப்பு வேலையைத் திட்டமிடுகிறார், தற்செயலாக மழை பெய்கிறது, சேதம் தவிர்க்கப்படுகிறது. அந்தக் கதையில் கலியபெருமாளுக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம்: வேலை நேரத்தில் மேலே போய் உட்கார்ந்த ஆள்.

இந்த இடத்தில் நான் எழுந்து மேலாளர் அறைக்கு நடந்தேன் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. இரண்டு நாள் வீட்டிலும் ஆபீசிலும் சும்மா இருந்தேன். லாக் புக்கில் பொய்யான பதிவு என்பது சாதாரணக் குற்றம் இல்லை. நேர்முகம் வேறு இருந்தது. வேறு கான்ட்ராக்ட்டில் அவருக்கு இடம் பார்த்துத் தரலாம், பிறகு பார்க்கலாம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளும்போதே வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் பட்டியல் கையெழுத்துக்குப் போக வேண்டிய நாள். அன்று காலையில்தான் போனேன்.

மேலாளர் முழுவதும் கேட்டார். "அப்ப நீங்க எழுதுனது பொய்யிங்களா?"

"ஆமா சார்."

"நான் சாரல்னு கேட்டதுனாலயா எழுதுனீங்க?"

"அதுவும் ஒரு காரணம் சார்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். தூசி எந்தப் பக்கம் விழுந்தது, கடல்காற்று எத்தனை நாள் வரவில்லை, யார் சொன்னார், எந்தக் கிழமை சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன், எல்லாம் எழுதினேன். சோற்றுப் பையை ஆபீஸ் கடிதத்தில் எப்படிக் குறிப்பிடுவது என்று அரை மணி நேரம் யோசித்து, 'உணவுப் பை' என்று போட்டேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. பாராட்டுக் கடிதத்தை நகலோடு திருப்பித் தரச் சொன்னார்கள். பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. பட்டியலின் அடியில் கலியபெருமாள் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். காற்று, தூசி, துணியில் விழும் புள்ளி, இதையெல்லாம் கவனிக்க நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். அது பெரிய வித்தை இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னாலேயே அதைக் கவனித்துவிட்ட ஒருவர் கீழே எப்போதும் இருப்பார். அவர் சொன்னதை அவர் பெயரோடு, சொன்ன அன்றைக்கே எழுதுங்கள். பலித்த பிறகு எழுதினால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அந்த மெமோவுக்குப் பிறகு என் ஷிப்டில் 'இயல்பு' என்ற வார்த்தையை நான் எழுதியதே இல்லை.

பெயர் சேர்த்த அன்று கலியபெருமாளிடம் சொல்வதற்காக இறங்கிப் போனேன். பேனலுக்குப் புது இடத்தில் புதுக் கொட்டகை போட்டிருந்தார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன், என் பொய், அவர் பெயர் விட்டுப்போனது, எனக்கு வந்த மெமோ வரைக்கும். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒருவேள அன்னிக்கு மழ வராம போயிருந்தா, சார்? அப்ப எம்பேர எழுதியிருப்பீங்களா?"

நான் யோசிக்கக்கூடத் தேவையிருக்கவில்லை. எட்டு மணி நேரம் வேலையைக் கெடுத்து, பேனலை ஏற்றி, வானம் வெளுத்துக் கிடந்திருந்தால், மேலாளர் கேட்ட முதல் நிமிடத்திலேயே கலியபெருமாள் பெயரைச் சொல்லியிருப்பேன். லாக் புக்கிலும் அன்றைக்கே ஏறியிருக்கும், எழுத்துப் பிழை இல்லாமல்.

"எழுதியிருப்பேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபமெல்லாம் இல்லை.

"தெரியுங்க" என்றார். "தெரிஞ்சிதான் சொன்னேன்."